மூன்று விரல்

என் ஓரகத்தி குலிக்கோ ஒரே மதுத் தாழியில் ஏழு பேரை மூழ்கடித்தவள். ஏழு பேருமே துப்பாக்கி வைத்திருந்த தடியன்கள். இதைத் திபிலிசி ரயிலில் சொல்லியிருக்கிறேன், கண் ஆஸ்பத்திரி வரிசையில் சொல்லியிருக்கிறேன், ஒயின் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஏழு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள் நான். படைகளின் எண்ணிக்கையில் கை தாராளம். சரியான கணக்கு ஒன்றரை. ஒருவன் செத்தான், இன்னொருவன் பாதி செத்தான். அந்தப் பாதி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறது.

எங்கள் வீட்டு ஒயினை நீங்கள் குடித்திருக்கமாட்டீர்கள், சீசாவைக் கடையில் பார்த்திருக்கலாம். கீழே 'ககேத்தி, ஜார்ஜியா' என்று எழுதியிருக்கும். மேலே ஓர் இடது கையின் அச்சு. அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. பெயரும் அதுதான், மூன்று விரல். ஜப்பானில் அதைப் பாதிரியார் ஆசீர்வதிக்கும் கை என்று நினைத்துக்கொள்கிறார்களாம். ஒருவர் அங்கிருந்து நேரிலேயே வந்து, "ஆசீர்வாதம்தானே?" என்று கேட்டார். குலிக்கோ அதே கையால் அவருக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே, "ஆமான்னு சொல்லுடி. இவ்வளவு தூரம் வந்திருக்காரு, சந்தோஷமா போகட்டும்" என்றாள்.

அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1968-இல். பெண் பார்க்கப் போன எங்கள் மாமனார் ஷக்ரோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சமையலைக் கேட்கவில்லை. எழுந்து போய் அவள் தோள் அகலத்தைத் தன் கையால் சாண் போட்டு அளந்தார். இரண்டு சாண்கூட இல்லை.

"எறங்குவா," என்றார் மகனிடம். "முடிச்சுடலாம்."

எங்கள் தாழியறையில் அப்போது ஒன்பது தாழிகள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தன. தரையில் வாய் மட்டும்தான் தெரியும், அதன் மேல் ஒரு பலகைக்கல் மூடி. ஒவ்வொரு தாழியும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். வருஷத்துக்கு ஒரு முறை யாராவது உள்ளே இறங்கிச் செர்ரி மரப்பட்டையால் சுவரைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். குலிக்கோ இருபத்தைந்து வருஷம் இறங்கினாள். உள்ளே நின்றுகொண்டு பாடுவாள். பாட்டு அலுத்தால் மாமனாரைத் திட்டுவாள். தாழிக்குள்ளிருந்து வரும் திட்டு கோயில் மணி மாதிரி கணகணவென்று தெரு முனைவரை கேட்கும். எனக்கு அந்த வேலை வரவேயில்லை. என் இடுப்புக்குத் தாழியின் வாய் போதாது. அதனால்தான் என்னைப் படிக்கவைத்தார்கள் என்று குலிக்கோ சொல்லித் திரிவாள்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். மது பொங்கும் நாட்களில் தாழிக்குள் கெட்ட காற்று தேங்கும். அதற்கு நிறமில்லை. மெழுகுவர்த்தி அணைந்தால் மனிதனும் அணைவான். இதை எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஆண்பிள்ளை பிறந்தால் அந்த வருஷத்து மதுவில் ஒரு தாழியை நிரப்பி, மூடி, விளிம்பில் களிமண் பூசிவிடுவோம். அதை அவன் கல்யாணத்தில் திறப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவன் செத்தால் சாவு விருந்தில் திறப்பார்கள். வேறு எதற்கும் திறக்கக் கூடாது. அந்தத் தாழிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி கொண்டுபோகக் கூடாது என்பதும் உண்டு. எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் மெழுகுவர்த்தி. பிறப்புத் தாழியின் மேல் அந்த வெளிச்சம் விழுந்தால் அதைக் குடிக்கிற கல்யாணம் விளங்காது என்பார்கள்.

குலிக்கோவின் ஒரே மகன் மெராப் 1970-இல் பிறந்தான். அக்ரூட் மரத்துக்குக் கீழே இருந்த சாபெராவிக் கொடி வரிசையில் பறித்த கறுப்புத் திராட்சை. ஏழாவது தாழி. குலிக்கோ பச்சை உடம்போடு வந்து தானே களிமண் பூசினாள்.

இந்த வீட்டு ஆண்கள் யாரும் படுக்கையில் செத்ததில்லை. மாமனாரின் அப்பா இலியா, நிலங்களைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்த காலத்தில், சம்மட்டியோடு தாழிகளை உடைக்க வந்தவனின் மண்டையை மது கிளறும் துடுப்புக் கட்டையால் பிளந்தார். அவரை அக்ரூட் மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். அந்தக் குண்டு இன்னும் மரத்துக்குள் இருக்கிறது. குண்டுகள் பதினொன்று என்று சொல்வது என் வழக்கம்.

குலிக்கோவின் கணவன் ஓதாரின் முறை 1986-இல் வந்தது. மாஸ்கோவிலிருந்து குடி ஒழிப்பு உத்தரவு வந்திருந்த சமயம். குடியை ஒழிக்கக் கொடியைப் பிடுங்கினார்கள். இரண்டு டிராக்டர், ஒரு ஜீப், கையில் தாளோடு ஓர் அதிகாரி. மதியத்துக்குள் எங்கள் தோட்டம் முழுக்க வேர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அக்ரூட் மரத்தடி வரிசை மட்டும் மிச்சம். ஓதார் அந்த வரிசையில் கொடி படர்ந்திருந்த கம்பியைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"இழுடா பாக்கலாம்!"

டிராக்டர்காரன் மிரட்டத்தான் நினைத்தானாம். கொக்கியை மாட்டி ஒரு அடி முன்னால் நகர்த்தினான். பழைய கம்பி. தூணுக்குப் பக்கத்தில் அறுந்து, சாட்டை மாதிரி சுழன்று வந்து ஓதாரின் கழுத்தில் அடித்தது. அவன் மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே அவன் ரத்தம் முழுவதும் சட்டை வழியாக மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. குலிக்கோ அவனிடம் ஓடவில்லை. டிராக்டரில் தாவி ஏறி, ஓட்டியவனின் காதைக் கடித்தாள். காது அவள் வாயோடு வந்தது. சரி, பாதிக் காது. அதிகாரி ஜீப்பில் ஏறினவன்தான், திரும்பி வரவேயில்லை. அந்த ஒரு வரிசை பிழைத்தது. இன்றைக்கு மூன்று விரலுக்குப் பழம் கொடுக்கிற கொடியெல்லாம் அந்த வரிசையிலிருந்து வெட்டி நட்ட குச்சிகள்தான்.

அன்று சாயங்காலமே மாமனார் பத்து ஆட்களைக் கூப்பிட்டுத் திராட்சை மிதிக்கும் பெரிய மரத்தொட்டியை நகர்த்தி ஏழாவது தாழியின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு தாழியறைக்குள் வருகிறவர்களுக்கு எட்டு வாய்கள்தான் தெரியும். பதினாறு வயசு மெராப் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கல்யாணத்தன்னிக்கு இத யாரு தூக்குவா?" என்று கேட்டான்.

"நீ கல்யாணத்துக்குச் சம்மதி. ஊரே வந்து தூக்கும்," என்றாள் குலிக்கோ.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1993 கோடையில், கடற்கரைப் பக்கம் சுகுமியில் நடந்த போருக்குப் போனான். செப்டம்பர் கடைசியில் சுகுமி விழுந்தது. அக்டோபரில் அவனோடு போன ஒருவன் மட்டும் மெராபின் பெல்ட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தான். செத்ததைப் பார்த்தாயா என்று குலிக்கோ கேட்டாள். பாலத்தில் பிரிந்துவிட்டோம், நான் பார்க்கவில்லை என்றான்.

அவ்வளவு போதும் அவளுக்கு. ஆனால் ஊருக்குப் போதவில்லை. பாதிரியார் வந்தார், பக்கத்து வீட்டு எத்தேரி வந்தாள், ஓதாரின் சித்தப்பா வந்தார். எல்லோரும் ஒரே பேச்சு. தாழியைத் திற, விருந்து வை, பிள்ளையின் ஆத்மா அலையக் கூடாது.

"பெல்ட்டுக்கெல்லாம் சாவு விருந்து வைக்கிறதில்ல," என்றாள் குலிக்கோ. "மூடி மூடியிருக்கிற வரைக்கும் அவன் வழியில வந்துகிட்டிருக்கான். தொறந்தா அவன் நின்னுடுவான். எவன் வந்து கேட்டாலும் இதுதான் பதில்."

துப்பாக்கியோடு வந்து கேட்பார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அந்த வருஷம் நாட்டில் அரசாங்கம் என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. லாரி வைத்திருந்தவனும் துப்பாக்கி வைத்திருந்தவனும் சேர்ந்தால் அதுவே ஒரு அரசாங்கம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அப்படி ஓர் அரசாங்கம் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. வந்தவர்கள் மூன்று பேர். முதலில் இறங்கியவன் ஜும்பேர், பக்கத்து ஊர்க்காரன், மல்யுத்தக்காரன். ஏழாம் வகுப்பில் என்னிடம் சரித்திரத்தில் இரண்டு முறை தோற்றவன். பள்ளி விடுமுறையில் எங்கள் அறுவடைக்குக் கூடை தூக்கியவன். அவனுக்குப் பின்னால் ரோபின்ஸோன் என்று ஒரு குண்டன். கடைசியில் க்விச்சா, திபிலிசிக்காரன், மூங்கில் கழி மாதிரி ஒல்லி, ஒயினைச் சீசாவில் மட்டுமே பார்த்தவன்.

எங்கள் நாய் குரைத்தது. ரோபின்ஸோன் அதைச் சுட்டான்.

"டீச்சர், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே ஜும்பேர், எழுந்து நின்ற என் கணவன் ஷால்வாவின் வாயில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். மூன்று பல் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது.

"பெரியப்பாவ அடிக்கிறியேடா நாயே!" என்று கத்தினேன்.

"அவரு எந்திரிச்சா எனக்குப் பயமா இருக்கு டீச்சர். ஒக்காரச் சொல்லுங்க." பிறகு குலிக்கோ பக்கம் திரும்பினான். குரல் குழைந்தது. "பெரியம்மா, ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம்."

"நல்லா இரு. பொண்ணு பாவம்."

"மெராபோட தாழி எது?"

"அவன் கல்யாணத்துக்கு வா. ஊத்தறேன்."

"அவன் எங்க வரப்போறான்? சுகுமில மீனு தின்னு ஏப்பம் விட்டிருக்கும். கல்யாணத்துக்குன்னு பொதச்சது, ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போகட்டுமே. அப்பன் செத்து, பாத்து வளக்க ஆளில்லாத பய நான். எனக்கு ஒரு தாழி கெடையாது. எனக்கு மட்டும் ஆசையிருக்காதா?" மேசையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து நீட்டினான். "வேணும்னா மொதக் குவளைய மெராப் பேருக்கு இதுல சொட்டிடறேன். மரியாதையா செஞ்சுடறேன்."

ரொட்டியில் மது சொட்டுவது நாங்கள் செத்தவர்களுக்குச் செய்வது. குலிக்கோ எழுந்து அந்த ரொட்டியின் மேல் காறித் துப்பினாள்.

அவன் அவள் முடியைப் பிடித்தான். முற்றத்தில் இழுத்துக்கொண்டே தாழியறைக்குப் போனான். அவள் போகிற வழியில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து அவனை அடித்தாள்: வாளி, மண்வெட்டிக் காம்பு, செத்துப்போன நாயின் சங்கிலி. அவன் நெற்றி கிழிந்தது. அவன் அவளை வாசற்படியில் இரண்டு முறை மோதினான். நான் அவன் முதுகில் தொங்கினேன் என்று சொல்ல ஆசைதான். ரோபின்ஸோன் என் கழுத்தில் துப்பாக்கியை வைத்திருந்தான்; நான் நடந்துதான் போனேன். வாயைப் பொத்திக்கொண்டு ஷால்வா பின்னால் வந்தார்.

தாழியறையில் ஜும்பேர் தரையை எண்ணினான்.

"ஒம்போது இருந்துச்சே?"

"ஒண்ண டிராக்டர் வருஷத்துல ஒடச்சுட்டாங்க," என்றாள், தரையில் கிடந்தபடி.

"அப்ப இந்த எட்டுல எது?"

அவன் ஒரு தாழியின் மூடிக்கல்லைப் பாதி நகர்த்தினான். ரோபின்ஸோன் அவள் இடது கையைப் பிடித்து விளிம்பில் வைத்தான். ஜும்பேர் கல்லைத் தூக்கி, சுண்டு விரலின் மேல் விட்டான். எங்கள் மூடிக்கல் ஒவ்வொன்றும் ஒரு ஆட்டின் எடை. அவள் கத்தவில்லை, ஓதாரின் பெயரைத்தான் சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். மறுபடி விட்டான். மோதிர விரல் போனது. ஷால்வா தன் கிழிந்த வாயோடு, "குடுத்துரு குலிக்கோ, அது வெறும் ஒயினு," என்று அழுதார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது முறை கல்லைத் தூக்கியபோது அவள் சொன்னாள். "நாலாவது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாவது தாழியில் அந்த வருஷத்துப் புது மது பொங்கி முடியும் கட்டத்தில் இருந்தது. அன்று காலையில்தான் மேல் மதுவை வேறு தாழிக்கு மாற்றி, அடியில் சக்கையை மட்டும் சாராயம் காய்ச்சுவதற்காக விட்டு, காற்றுப் போகாமல் களிமண் பூசி மூடியிருந்தாள். உள்ளே இருந்தது முழங்கால் அளவு சக்கையும், அதற்கு மேல் விளிம்புவரை கெட்ட காற்றும்.

ஜும்பேர் குனிந்து களிமண்ணைத் தொட்டான். "ஈரமா இருக்கே?"

"மாசாமாசம் புதுசா பூசுவேன். அவன் சின்னப் புள்ளையா இருந்தப்ப குளிப்பாட்டின மாதிரி."

அவன் முகம் இளகியது. அதை நான் பார்த்தேன். அவன் இந்த ஊரில் வளர்ந்தவன், அப்படிப் பூசும் தாய்மார்கள் இருப்பார்கள் என்று நம்பினான். தாழியறை முழுவதும் புது மதுவின் நெடி. எந்தத் தாழியிலிருந்து எந்த வாசனை என்று அக்டோபரில் யாராலும் பிரிக்க முடியாது. மூடியைப் புரட்டினார்கள். உள்ளே இருட்டு. ஜும்பேர் கல் ஒன்றை எடுத்துப் போட்டான். கீழே 'சொத்' என்று கேட்டது.

"பாதிதான் இருக்கும் போலயே."

"இருவத்திமூணு வருஷம். மண்ணும் குடிக்குமில்ல," என்றாள்.

லாரியிலிருந்து பம்பைக் கொண்டுவந்தார்கள். ஹோஸ் எட்டவில்லை. யாராவது இறங்கி அதன் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோபின்ஸோன் சுவர் மாடத்திலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்துப் பற்றவைத்தான். அவனும் எங்கள் பக்கத்துக்காரன்தான், வழக்கம் தெரிந்தவன். கயிற்றில் கட்டப் போனான்.

ஜும்பேர் அவன் கையில் அடித்தான். மெழுகுவர்த்தி தரையில் உருண்டது. அவன் அதை மிதித்து அணைத்தான்.

"பிறப்புத் தாழி மேல மெழுகுவத்தியா? ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டி குடிக்கப் போறாடா இத! அறிவிருக்கா?"

"பாக்காம எறங்கறதா அண்ணே?"

"பழைய மது என்னிக்குடா மூச்சடச்சுது? பொங்கறதுதான் அடைக்கும். இது தூங்கிக்கிட்டிருக்கு."

அவன் சொன்னது சரி. ஏழாவது தாழிக்கு அது முழுக்கச் சரி. குலிக்கோ தன் கையைப் பாவாடைத் துணியில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

ஒல்லியானவன் என்பதால் க்விச்சா இறங்கினான். ஏணியில் நாலு படி இறங்கும்வரை ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தான். ஐந்தாவது படியில் பாட்டு நின்றது. கனமான மூட்டை விழுந்த மாதிரி சத்தம்.

"க்விச்சா? ஏய், வெளாடாத!"

ஜும்பேர் தாழிக்குள் பார்த்தான். பிறகு திரும்பிக் குலிக்கோவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வினாடி, அவளைச் சுடப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினான். அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன்; இதைச் சொல்லாமல் விடமாட்டேன். உள்ளே சக்கையில் முகம் புதைந்து கிடந்தவனைத் தூக்கி நிறுத்தி, சுவரோடு சாய்த்து, முகத்தை மேலே திருப்பிவைத்தான். மேலே பார்த்து, "கயிறு!" என்று கத்தினான். அந்த ஒரு சொல்லுக்கு அவனிடமிருந்த மூச்சு செலவாகிவிட்டது. அடுத்த மூச்சை அவன் உள்ளே இழுத்தான். அப்படியே குப்புற விழுந்தான்.

ரோபின்ஸோன் துப்பாக்கியைக் குலிக்கோவின் தலைக்கு நேராகப் பிடித்தான். "ஏதாவது பண்ணு கெழவி! ஏதாவது பண்ணு!"

"மொதல்ல அந்த எழவ கீழ போடு. அந்த மூலையில கயிறு இருக்கு. ஷால்வா, நீயும் புடி. லமாரா, தண்ணி."

அவள் வாசலுக்குப் போய் மூன்று முறை மூச்சை இழுத்து விட்டாள். நாலாவதைப் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு விரல் போன கையோடு இறங்கினாள். நான் மனசுக்குள் எண்ணினேன். முப்பத்தொன்றில் கயிறு இரண்டு முறை ஆடியது. இழுத்தோம். க்விச்சா மேலே வந்தான், முகம் கத்தரிக்காய் நிறம். அவன் பின்னாலேயே அவள் வந்தாள்.

நாங்கள் மூவரும் க்விச்சாவை முற்றத்துக்கு இழுத்துப்போனோம். கன்னத்தில் அறைந்தோம், தண்ணீரைக் கொட்டினோம், ரோபின்ஸோன் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குதித்தான். கடைசியில் க்விச்சா வாந்தி எடுத்து, மூச்சு விட்டான். திரும்பி ஓடினேன். குலிக்கோ நாலாவது தாழியின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அவள் மடியில் கிடந்தது.

"அக்கா, அவன்?"

"போயிட்டான்."

உடம்பு அப்படித்தான். ஒரு மூச்சுக்கு ஒரு ஆள். இன்னொரு முறை இறங்க அவளிடம் மூச்சு இல்லை. இதை நான் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், நீதிமன்றம் என்று ஒன்று மறுபடி வந்த பிறகு அங்கேயும் சொன்னேன்.

ரோபின்ஸோன் லாரியோடு ஓடிப்போனான். ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நேரத்தில், ஜும்பேரின் ஆட்கள் உடம்பை எடுத்துப்போக வந்தார்கள். போகும்போது வீட்டின் எல்லாக் கண்ணாடியையும் சுட்டு உடைத்து, மேல் மாடியில் தீ வைத்துவிட்டுப் போனார்கள். தாழியறையைத் தொடவில்லை. ஆள் செத்த தாழிப் பக்கம் போக அவர்களுக்கே பயம். அவர்கள் போனதும் குலிக்கோ சம்மட்டியை எடுத்து நாலாவது தாழியைத் தானே உடைத்தாள். ஒரே கையால். இரண்டு நாள் ஆயிற்று.

க்விச்சாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது. திரும்பிப் போனால், ஜும்பேர் செத்தது அவனால்தான் என்று அவன் ஆட்களே அவனைக் கொன்றிருப்பார்கள். எங்கேயும் போகவில்லை. இப்போது எங்கள் தாழிகளைக் கழுவுகிறவன் அவன்தான். ஒரு தாழிக்கு மூன்று மெழுகுவர்த்தி இறக்குவான். "ஒண்ணு போதுமேடா," என்றால், "நீங்க எறங்கிப் பாருங்க டீச்சர்," என்பான், என் இடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஊரில் நல்ல காலம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். புது வரிசைகளின் மது பேர் வாங்கியது, பரிசு வாங்கியது. மரத்தொட்டிக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டு அதையும் கேட்டார்கள். ஒருத்தன் திபிலிசியில் ஒரு வீடே தருவதாகச் சொன்னான். "அது மெராபோடது. வந்ததும் அவங்கிட்ட கேளுங்க," என்பாள் குலிக்கோ. ஒவ்வொரு அறுவடைக்கும் மேசையில் அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள். இருபத்தேழு வருஷம்.

போன மாதம் தொலைபேசி வந்தது. சுகுமிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தோண்டியெடுத்த எலும்புகளில் ஒருவனுடையதும், குலிக்கோ பல வருஷம் முன்னால் கொடுத்த ரத்தமும் ஒத்துப்போகின்றன. ஒரு சின்னப் பெட்டியில் எண் ஒட்டி அனுப்பினார்கள். அவள் பெட்டியைத் திறந்து, மண்டையோட்டின் மேல் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

"வந்துட்டான்," என்றாள். "தொட்டிய நகத்துங்க."

ஊரே வந்து தூக்கியது. ஏழாவது தாழியைத் திறந்தோம். மது நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய்; பொய் சொல்லத் தயங்குகிறவள் இல்லை நான், ஆனால் இதில் வேண்டாம். மேல் பாதி காடியாகிவிட்டிருந்தது. அடியில் இருந்தது கறுப்பாக, கெட்டியாக, நாக்கைக் கட்டியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. குலிக்கோ ரொட்டித் துண்டில் மூன்று சொட்டு விட்டு, மகன் பேரைச் சொல்லி, அவனுடைய தட்டில் வைத்தாள்.

அந்தத் தட்டைப் பார்க்கத் தாங்காமல் நான் எழுந்து குவளையைத் தூக்கிக்கொண்டு, ஏழு பேர் கதையை ஆரம்பித்தேன். ஜனங்கள் லேசாகச் சிரித்தார்கள். "ஏழுல ஒருத்தன் நான்தான், மிச்ச ஆறு எங்கன்னு டீச்சர்தான் சொல்லணும்," என்றான் க்விச்சா. நானும் விடாமல் கல், விரல், மெழுகுவர்த்தி எல்லாம் சொல்லி, கடைசியில் வழக்கம்போல், "ஒரு மூச்சுக்கு ஒரு ஆள், அவளும் மனுஷிதானே," என்று முடித்தேன்.

குலிக்கோ இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்தாள். அதிலும் மூன்று சொட்டு விட்டாள்.

"இது யாருக்கு அக்கா?"

"ஜும்பேருக்கு. ஒரு தாழி கெடையாதுன்னு அழுதானில்ல." ரொட்டியை மேசை விளிம்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏடி லமாரா. ஏழுன்னு சொல்லு, எழுவதுன்னு சொல்லு, எனக்கு ஒண்ணுமில்ல. மூச்சு இல்லன்னு மட்டும் இனிமே சொல்லாத. ரெண்டாவது மூச்சு எங்கிட்ட இருந்துச்சு. மூணாவதும் இருந்துச்சு. அவன் முதுகு ஏறி ஏறி எறங்கிக்கிட்டிருந்துச்சு. அது நிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."